எடைமேடை ஏறும் வீடு

பழைய வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில் போட்டுக் கிளம்பிவிடத் துடிப்பவர்களுக்குச் சில கணக்குகள்

கேரவன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஷூட்டிங் ஸ்பாட்டில் ஜெனரேட்டர் உறும நிற்கும் ஏசி வண்டிதான். உள்ளே ஹீரோ, வெளியே குடையோடு ஒரு பையன். பெயருக்குத்தான் அது வண்டி. காலையில் வந்து நின்றால் பேக்கப் சொல்லும்வரை அதே வேப்பமரத்தடி. நம் இளைஞர்கள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யூடியூபில் பார்த்து ஏங்கும் வண்டி வேறு ரகம். யாரோ ஓட்டித் தேய்த்த பழைய வேன். சுவரெல்லாம் மரப்பலகை, ஒரு மெத்தை, ஒரு சின்ன அடுப்பு, பின்கதவைத் திறந்தால் கடல். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, இதிலேயே வாழ்ந்துவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள்.

வாழலாம். ஆனால் அந்த வீடியோக்கள் மரப்பலகையில் தொடங்கி மெத்தையில் முடிந்துவிடுகின்றன. வண்டியை வீடாக்குவதில் மரப்பலகை கடைசி வாரத்து வேலை. அதற்கு முன்னால் துரு, ஆர்.டி.ஓ., எடை, வெயில், மின்சாரம், தண்ணீர் என்று வரிசை கட்டி நிற்கின்றன. பணமும் நேரமும் கரைவது அங்கே. வண்டி தேறுமா தேறாதா என்பது முடிவாவதும் அங்கே.

வண்டியில் குடியிருப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக்கோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போகிறவர்கள் மாதக்கணக்கில் சமைப்பதும் தூங்குவதும் வண்டியைச் சுற்றித்தான். எந்தப் பெட்டியில் எதை வைத்தால் குலுங்காது, தண்ணீர் டிரம்மை எங்கே கட்டினால் வண்டி இழுக்காது என்பதெல்லாம் நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கு அத்துப்படி. அவர்கள் யாரும் அதை வாழ்க்கைமுறை என்று சொல்லிக்கொண்டதில்லை. பிழைப்பு என்றார்கள்.

ஆசைக்காக வண்டியில் வாழ்வது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த பழக்கம். ஃபோக்ஸ்வாகன் தன் டைப் 2 வேனை 1950 மார்ச்சில் தயாரிக்கத் தொடங்கியது. மறு வருஷமே வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம் அதற்குள் பொருத்தும் கட்டில், அலமாரிப் பெட்டியைச் செய்து விற்றது. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960இல் ஒரு பிக்கப் வண்டியின் முதுகில் அறை கட்டி, அதற்கு டான் குவிக்ஸோட்டின் குதிரைப் பெயரைச் சூட்டி, நாய் ஒன்றோடு அமெரிக்காவைச் சுற்றினார். அந்த வண்டி இன்றும் கலிஃபோர்னியாவின் சாலினாஸ் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வீட்டை இழந்தவர்களும், ஓய்வூதியம் போதாத முதியவர்களும் வேனுக்குக் குடிபெயர்ந்தார்கள். கிடங்குகளிலும் சர்க்கரை பீட் அறுவடையிலும் பருவகாலக் கூலி வேலை பார்த்துக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்தார்கள். ஜெசிகா புரூடர் 2017இல் அவர்களைப் பற்றி எழுதிய புத்தகம்தான் பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய ‘நோமேட்லேண்ட்’ படமானது. அதில் வரும் பலர் நடிகர்கள் அல்ல. நிஜமாகவே வேனில் வாழ்ந்தவர்கள். விரும்பி வந்தவரின் வேனும் வேறு வழியில்லாமல் வந்தவரின் வேனும் புகைப்படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தட்டிப் பார்த்து வாங்கு

நம் ஊரில் வண்டிக்குத் தேர்வு அதிகமில்லை. 1984இல் வந்து 2019இல் நின்ற மாருதி ஆம்னியில் ஒருவர் காலை நீட்டிப் படுக்கலாம். 796 சிசி இஞ்சின் கொல்லிமலை ஏறும்போது கொஞ்சம் அழும். ஈகோவில் இருவர் ஒண்டிக்கொள்ளலாம். வீடு என்று சொல்லத்தக்க இடம் வேண்டுமென்றால் டெம்போ டிராவலர்தான். பழைய மெர்சிடிஸ் வேன் ஒன்றின் வடிவத்தை வைத்து பஜாஜ் டெம்போ 1987இல் கொண்டுவந்தது; அந்த நிறுவனம்தான் இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ். எந்த ஊர்ச் சந்தையிலும் உதிரி பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். இமயமலை வரை போக நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

ஓய்ந்த டிராவலர்களில் பள்ளி வேன் நிறையக் கிடைக்கும். சுற்றிலும் கண்ணாடி, சுற்றிலும் வெயில். ஆம்புலன்ஸாக ஓடியது கிடைத்தால் யோகம்: கூரை உயரம், ஜன்னல் குறைவு, பின்பக்கத்துக்குத் தனி ஒயரிங் ஏற்கெனவே இருக்கும். என்ன, வீட்டில் அம்மா ஒரு கேள்வி கேட்பார்: “பொணம் ஏத்தின வண்டியில போயா படுக்கப்போற?” அதற்கான பதிலை இந்தக் கட்டுரையில் தேடவேண்டாம்.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறையில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்த டிராவலர் ஒன்று சீட்டுகள் கழற்றப்பட்டு நின்றது. தரையில் ஒட்டியிருந்த விரிப்பை உரித்தார்கள். அடியில் பென்சில் துண்டு, மிட்டாய்த் தாள், ஒரு ரூபாய் நாணயம். அதற்கும் அடியில் ப்ளைவுட் ஈரத்தில் உப்பி, அடுக்கடுக்காகக் கிளம்பி வந்தது. டிங்கர் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் தகரத்தைத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். டங், டங், டங். பின்சக்கர வளைவுக்கு வந்ததும் சத்தம் மாறி ‘டப்’ என்றது. முனையை வைத்து லேசாக அழுத்தினார். உள்ளே போய்விட்டது, எடுத்ததும் கீழே மண் தெரிந்தது. “இஞ்சின் போனா எந்த ஊர்லயும் பிரிச்சு மாட்டிக்கலாமுங்க. தரை போனா வண்டியே போச்சுங்க” என்றார்.

வாங்கப் போகிறவர் மெக்கானிக்கை அழைத்துப்போவது வழக்கம். டிங்கரையும் அழைத்துப்போவது நல்லது. கூரை ஓரத்து மழைநீர்க் காடி, முன்கண்ணாடி ரப்பரின் அடிப்பக்கம், ஏறும் படி, பின்கதவுக் கீல் என்று அவர் கை நேராகப் போகும் இடங்கள் உண்டு. புதிதாக பெயின்ட் அடித்துப் பளபளக்கும் பழைய வண்டியைப் பார்த்தால் அவர் முகத்தைக் கவனியுங்கள். பட்டி வைத்துத் தேய்த்தவருக்கே பட்டி எங்கே இருக்கும் என்று தெரியும். கடலோர ஊர் வண்டி என்றால் இரண்டு முறை யோசிக்கலாம்.

புத்தகத்தில் இருப்பதும் வண்டியில் இருப்பதும்

வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லாத அத்தியாயம் இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. 12 சீட் என்று ஆர்.சி.யில் இருக்க, உள்ளே இரண்டு சீட்டும் ஒரு சமையல் மேடையும் இருந்தால் அது மாற்றம்தான். கூரையை அறுத்து உயர்த்தினால் கேட்கவே வேண்டாம்.

வழியே இல்லை என்று அர்த்தமல்ல. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று ஒரு வகையே அரசின் வாகனப் பட்டியலில் இருக்கிறது. மோட்டார் கேரவன்களுக்கு ஏஐஎஸ்-124 என்ற தரவிதி இருக்கிறது. படுக்கை, மேசை, சமையல் வசதி எல்லாம் அதன் வரையறைக்குள் வரும். புனே ஏஆர்ஏஐ, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்றவை வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் மையங்கள். ஆனால் ஒரே ஒரு பழைய வண்டிக்காக அந்தச் சோதனைகளை நடத்துவது யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் நடைமுறையில், அங்கீகாரம் பெற்ற வடிவமைப்பைக் கையில் வைத்திருக்கும் பாடி பில்டரிடம் போவதுதான் நேர் வழி. கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களுக்கு இந்தக் காகிதங்கள் பழக்கம். பஸ்ஸுக்கும் ஏஐஎஸ்-052 என்று தனி விதி உண்டு. எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதல் கேள்வி விலையாக இருக்க வேண்டாம். ‘உங்களிடம் அப்ரூவல் இருக்கிறதா’ என்பதே முதல் கேள்வி.

மஞ்சள் போர்டு வண்டி வாங்கினால் பர்மிட்டை ஒப்படைத்து வெள்ளை போர்டுக்கு மாற்றும் வேலை தனி. தனியார் வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதற்குப் பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். ஊர் சுற்றுகிறவர்கள் கவனிக்காத இன்னொன்று 47ஆம் பிரிவு: ஒரு மாநிலத்து வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். கோவாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகிறவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல். மாற்றத்தைச் சொல்லாமல் எடுத்த இன்சூரன்ஸ், விபத்தன்று கைவிரித்தால் யாரிடம் போய் முறையிடுவது?

இந்தத் தலைவலி வேண்டாம் என்கிறவர்கள் வண்டியின் உடம்பில் கை வைக்காமல், கழற்றி எடுக்கிற பெட்டிகளாகவே எல்லாவற்றையும் செய்துகொள்கிறார்கள். ஈகோவின் பின்பக்கத்தில் மடிப்புக் கட்டில், இழுத்தால் வரும் அடுப்புப் பெட்டி, ஒரு சின்ன பவர் ஸ்டேஷன். ஞாயிற்றுக்கிழமை வீடு, திங்கட்கிழமை கார். என்னைக் கேட்டால், முதல் முறை இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுவே போதும்.

கிலோ கணக்கு

ஆர்.சி.யில் இரண்டு எடைகள் இருக்கும். வெறும் வண்டியின் எடை ஒன்று, சுமையோடு அதிகபட்சம் எவ்வளவு என்பது மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வீட்டின் மனை. அதற்குள்தான் கட்டில், தண்ணீர், துணிமணி, நீங்கள், உங்கள் மனைவி, அரிசி மூட்டை எல்லாம்.

வீட்டு ஆசாரியிடம் வேலையைக் கொடுத்தால் அவர் வீட்டு அளவுக்கே செய்வார். 8-க்கு 4 அடி, 18 மி.மீ. ப்ளைவுட் ஒரு ஷீட் 30 கிலோவுக்குக் குறையாது. ஆறு ஷீட் போட்டால் மூன்று ஆட்கள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்கிற மாதிரி. அலுமினிய செக்‌ஷனில் சட்டம் கட்டி, 6 அல்லது 9 மி.மீ. பலகை போட்டால் பாதி குறையும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ; 100 லிட்டர் டேங்க் என்றால் 100 கிலோ. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்று 50 கிலோவைத் தாண்டும். அதைவிட அதிகம் உழைக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அதில் பாதிகூட வராது. தண்ணீர் டேங்கையும் பேட்டரியையும் ஒரே பக்கம் வைத்துவிட்டு, வண்டி இடப்பக்கம் சாய்கிறது என்று பட்டை மாற்றக் கிளம்பியவர்கள் உண்டு.

லாரிகள் நிற்கும் எடைமேடையில் வெறும் வண்டியை ஒரு முறை, எல்லாம் ஏற்றிய பிறகு ஒரு முறை நிறுத்திச் சீட்டு வாங்கிவிடுங்கள். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு என்று வாங்கினால் பளு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நிழலும் வேண்டும், வெயிலும் வேண்டும்

நார்வேயிலும் கனடாவிலும் வேன் கட்டுகிறவர்களின் முதல் எதிரி குளிர். தூங்குகிறவர்களின் மூச்சுக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, பலகைக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். அவர்கள் சொல்லும் கம்பளி, டீசல் ஹீட்டர் எல்லாம் அந்தக் குளிருக்கு. நம் வேலூருக்கும் திருச்சிக்கும் அதை அப்படியே எடுத்துவந்தால் வெந்துபோவோம். மே மாத மதியத்தில் தகரக் கூரையில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இங்கே பணத்தைக் கூரையில் போட வேண்டும். வெளியே வெள்ளை பெயின்ட். உள்ளே ஏசி மெக்கானிக்குகள் குழாய்க்கும் டக்ட்டுக்கும் ஒட்டும் நைட்ரைல் ரப்பர் ஷீட். எந்த நகரத்திலும் கிடைக்கும், ஈரம் குடிக்காது, வளைவில் வளைந்து ஒட்டும். கண்ணாடிப் பஞ்சு வைத்தால் குலுங்கிக் குலுங்கிக் கீழே இறங்கிவிடும், நனைந்தால் அவ்வளவுதான். கூரையில் சூடான காற்றை உறிஞ்சும் விசிறி ஒன்று, தாழ்வாக எதிர்ப்பக்கத்தில் கொசுவலை அடித்த ஜன்னல் ஒன்று. விசிறி இல்லாமல் என்ன ஒட்டினாலும் பிரயோஜனமில்லை.

கூரையில் சோலார் பலகையை நான்கு விரல் இடைவெளி விட்டுத் தூக்கி வைத்தால் மின்சாரமும் வரும், நிழலும் விழும். ஆனால் அந்த நிழல் போதாமல் புளியமரத்தடியில் நிறுத்தினால் மின்சாரம் போச்சு. தமிழ்நாட்டில் வேனில் வாழ்வதன் தினசரி வழக்கு இது. தனியாகக் கழற்றி வெயிலில் விரிக்கிற பலகையும் நீள ஒயரும் வைத்திருப்பவர்கள் பிழைத்தார்கள்.

எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதை மின்வாரிய யூனிட்டிலேயே பார்க்கலாம். சின்ன கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் நம் வெயிலில் நாளுக்கு அரை யூனிட். 25 வாட் விசிறி இரண்டு, பத்து மணி நேரம், அரை யூனிட். லேப்டாப், போன், விளக்கு எல்லாம் சேர்த்துக் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. மொத்தம் ஒன்றேகால் யூனிட் சொச்சம். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இரண்டரை யூனிட் நிற்கும். மழை நாளிலும் ஒரு ராத்திரி தாங்கும். 400 வாட் சோலார் நல்ல வெயிலில் ஒன்றரை யூனிட் தரும். வண்டி ஓடும்போது ஆல்டர்நேட்டரிலிருந்து டிசி-டிசி சார்ஜர் வழியாக மூன்று மணி நேரத்தில் ஒரு யூனிட் ஏறும். கணக்கு சரியாக வருகிறது, ஏசி என்ற சொல்லை உச்சரிக்காதவரை. ஒரு டன் ஏசியை ராத்திரி முழுக்க ஓட்டினால் நான்கு யூனிட்டுக்கு மேல் போகும். அதற்குப் பேட்டரி வாங்கும் காசில் பல கோடைகளுக்கு ஏற்காடு ஏறி இறங்கலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். ஏற்காடு 1,500 மீட்டர். சக்கரம் இருக்கிற வீட்டுக்கு இதுதான் ஏசி.

இரண்டு விஷயத்தில் சிக்கனம் கூடாது. ஒன்று ஒயர். 1,200 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் 100 ஆம்பியர் பாயும். வீட்டு ஒயரிங் செய்கிறவர் 230 வோல்ட் பழக்கத்தில் மெல்லிய ஒயரை இழுத்துவிட்டால் பலகைக்குப் பின்னால் அது உருகும். பேட்டரியின் வாயிலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். இரண்டாவது, புகை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடு காரணம் என்று பிறகு தெரிந்தது. அதற்கு மணமில்லை, தூங்குகிறவர்களை எழுப்பாது. அதைக் கண்டு அலறும் சின்னக் கருவி ஒன்று ஆன்லைனிலேயே கிடைக்கிறது. மெத்தைக்கு முன்னால் அதை வாங்குங்கள். சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் வைத்தால், எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை வேண்டும். மேலே ஜன்னல் இருக்கிறதே என்பது பதிலாகாது.

சொல்லத் தயங்குகிற விஷயம்

கழிப்பறை. வீடியோக்களில் இது பத்து விநாடி வரும். நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கை நம்பியே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெண்கள் இருக்கும் வண்டிக்கு அந்த நம்பிக்கை போதாது. ரசாயன கேசட் கழிப்பறையைக் கொட்டிக் கழுவ மேலைநாட்டு முகாம்களில் இடம் இருக்கும். நம் ஊரில் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? சிறுநீரைத் தனியாகப் பிரித்து, மற்றதைத் தென்னை நார்க்கழிவில் மூடுகிற உலர் கழிப்பறை இங்கே பொருந்தும். பிரித்துவிட்டால் நாற்றம் பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் இதே வகைக் கழிப்பறைக்குக் கடையில் கட்டி கட்டியாக வாங்கும் கோகோபீட் நம் பொள்ளாச்சிப் பக்கம் மலை மலையாகக் குவிந்து கிடப்பது. குளியலுக்கு, கறுப்பு பெயின்ட் அடித்த குழாயில் தண்ணீர் நிரப்பிக் கூரையில் கட்டினால் மாலையில் வெந்நீர். கோடையில் மதியமே கொதிக்கும். பாத்திரம் கழுவிய நீரைச் சேர்க்க அடியில் ஒரு கேன் இல்லாமல் யார் வீட்டு வாசலிலும் நிறுத்தாதீர்கள்.

ராத்திரி எங்கே?

கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்து, வாகமண் போன்ற இடங்களில் தண்ணீர், மின்சாரத்தோடு கேரவன் பூங்காக்களுக்கு வழி செய்தது. நம் பக்கம் நாமேதான் இடம் தேட வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ். முதுமலை தாண்டி பந்திப்பூர் வழியாக மைசூரு போகிறவர்களுக்கு ராத்திரி 9 மணிமுதல் காலை 6 வரை காட்டுச் சாலை மூடல். எட்டரைக்குப் போய் அவதிப்படுவதைவிட மசினகுடியிலேயே சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். காட்டோரம், தனிக் கடற்கரை எல்லாம் படத்துக்கு அழகு. படுக்க அழகு, லாரிகள் வரிசையாக நிற்கும் விளக்கு வெளிச்சம். ஆட்கள் இருக்கிற இடத்தில்தான் ஆபத்து குறைவு என்பது லாரிக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

பெட்ரோல் பங்க்கில் அப்படி நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. கொஞ்சமாவது டீசல் போட்டுவிட்டு, காசைக் கொடுக்கும்போது கேட்க வேண்டும்.

“அண்ணே, ராத்திரிக்கு மட்டும் ஓரமாப் போட்டுக்கலாமா?”

“ஃபேமிலியா?”

“ஆமாண்ணே.”

“அந்தக் கம்பத்துக்கிட்ட வெளிச்சத்துல போடுங்க. உள்ள அடுப்புகிடுப்பு பத்த வெச்சிடாதீங்க, பங்க்கு இது. காலையில அஞ்சு மணிக்கு டேங்கர் வரும், அதுக்குள்ள எடுத்துடணும்.”